நூல்கண்டு எந்தப் பக்கம் ஓடும்

பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்தாயிற்று, பதினொரு மணிக்கு விடைத்தாள் வாங்க வேண்டும், அதுவரை எனக்கு ஒரு வேலையும் கிடையாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் முடியவில்லை. பாடம் நடத்தும்போது வாய் ஓடிக்கொண்டிருக்கும், மனசு அதன் பின்னாலேயே போகும், தொந்தரவு இல்லை. பரீட்சை நாளில் வாய்க்கு வேலை இல்லாததால் மனசு கண்ட இடத்துக்கும் போகிறது. கண்ட இடம் என்ன, ஒரே இடம்தான், நாலு வாரமாக அதே இடம்தான். கீழே பெயின்ட் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, ஷட்டர் இறக்கியிருக்கிறது, ஆனாலும் தின்னர் வாசனை மாடி வரைக்கும் வருகிறது. நடு ஃபேன் கடகடவென்று ஆடுகிறது, சரி பண்ண வேண்டும் என்று பங்குனியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்று பிள்ளைகள், எல்லாம் பதினொன்றாம் வகுப்பு, தலை குனிந்து எழுதுகிறார்கள். மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிற கோகிலவாணியைப் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் இப்போது இரண்டாவது கேள்வியில் இருக்கிறாள். ஏழாவது கேள்விக்கு வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். அந்த ஏழாவது கேள்வியை அவளுக்காகத்தான் வைத்தேன். அவளுக்காக என்று சொல்லிக்கொள்வது பெருமைக்கு, உண்மையில் எனக்காகத்தான் வைத்தேன்.

மாடிப்படி தொடங்குகிற இடத்தில் போர்டு மாட்டியிருக்கிறேன். அமலதாஸ் கணிதம் இயற்பியல் டியூஷன், அதற்குக் கீழே சிவப்பில், இங்கே மனப்பாடம் கிடையாது. பதினெட்டு வருஷமாக அந்தச் சிவப்பு வரியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. புத்தகத்தை மூடு, கண்ணையும் மூடு, நடக்கிறதைப் பார், பார்த்ததைச் சொல், சூத்திரம் தானாக வரும். திண்டுக்கல்லில் என்னிடம் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதை அப்படியே ஒப்பிக்கும், ஒப்பிக்கும் என்று இப்போது நினைக்கும்போதுதான் உறைக்கிறது, மனப்பாடம் கிடையாது என்பதையே நான் மனப்பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த அறைக் கதவையே பாடமாக நடத்துவேன். கீல் பக்கம் கை வைத்துத் தள்ளச் சொல்வேன், திறக்காது, அப்புறம் ஓரத்தில் ஒரு விரலால் தள்ளச் சொல்வேன், திறக்கும், திருப்புவிசை என்ற வார்த்தையைச் சொல்லும் முன்பே பிள்ளைக்கு அது கைக்குள் வந்திருக்கும். ஸ்கூலில் மூன்று பீரியட், இங்கே மூன்று நிமிஷம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒரு அப்பா கையைப் பிடித்துக்கொள்வார், "சார், உங்ககிட்ட வந்தப்புறம்தான் அவன் மண்டையில ஏறுச்சு" என்பார், நான் தலையைக் குனிந்துகொள்வேன், பார்க்கிறவர்களுக்குப் பணிவு மாதிரி இருக்கும், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பார்த்ததைச் சொல் என்று பதினெட்டு வருஷம் சொன்ன வாய். பார்த்ததை எழுந்து நின்று சொன்ன ஒரு பிள்ளைக்கு அந்த வாய் என்ன செய்தது என்று நினைத்தால் இந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போகிறேன். இரண்டு பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், காப்பியடிப்பதைக் கண்டுபிடிக்க எழுந்தேன் என்று நினைக்கிறார்கள் போல, சட்டென்று குனிந்துகொள்கிறார்கள்.

கேள்வி சின்னதுதான். தரையில் ஒரு நூல்கண்டு கிடக்கிறது, தையல் மிஷினுக்குப் போடுகிற, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த கண்டு. நூல் அதன் அடிப்பக்கத்திலிருந்து நம்மை நோக்கி வருகிறது. மெதுவாக இழுத்தால் கண்டு எந்தப் பக்கம் உருளும். நாலு வாரம் முன்னால் இதை நடத்திய அன்றைக்கு என் கையில் நூல்கண்டு கூட இல்லை, காற்றில் விரலால் வரைந்து காட்டினேன். இழுத்தால் நூல் அவிழும், அவிழ வேண்டுமானால் கண்டு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், ஆகவே நம்மைவிட்டு விலகி ஓடும், சூத்திரமே வேண்டாம் பாருங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கோகிலவாணி மட்டும் கையைத் தூக்கினாள். "சார், அது நம்ம பக்கம்தான் வரும்." எப்படிச் சொல்கிறாய் என்றேன், சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "எங்கம்மா தைக்கும்போது கண்டு கீழ விழுந்தா நான்தான் சார் எடுப்பேன். தரையோட தரையா இழுத்தா உருண்டு நம்ம பக்கம் வந்துரும். தூக்கி இழுத்தாத்தான் அங்கிட்டு ஓடும்." ஒரு விநாடி எனக்கும் தோன்றியது, இழுத்துப் பார்க்கலாமே என்று. தோன்றியது என்பதை மறைக்க முடியாது. ஆனால் இருபத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வருங்குற, ஓடுங்குற, முதல்ல நீ ஒரு முடிவுக்கு வா" என்றேன். சிரிப்பு. "இல்ல சார், ரெண்டும்தான்" என்றாள், நின்றபடியே, குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு வந்துவிட்டதே, அது ஒரு ருசி, இன்னொரு வாய் கேட்டது. "உங்கம்மா நடத்துறதுதான் பாடம்னா கீழ எதுக்கு என் போர்டு. நாளையிலேர்ந்து மிஷினைத் தூக்கிட்டு வரச் சொல்லு, தச்சுக்கிட்டே கிளாஸ் எடுக்கட்டும்." வகுப்பே உருண்டது. அவள் பக்கத்தில் இருந்த பெண் கூடச் சிரித்தாள். கோகிலவாணி உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, விலகி ஓடும் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. அதுதான் எனக்குத் தப்பிக்க வழியில்லாமல் செய்கிறது. பல நாள் கழித்துத் தெரிந்தது என்று இருந்தால் கூட ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு, என் மனைவி ஸ்டெல்லா தையல் சாமான் போட்டு வைத்திருக்கிற பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு நீலக் கண்டை எடுத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மொசைக் தரையில் வைத்து இழுத்தேன். வந்தது. நூலைத் தன்மேல் தானே சுற்றிக்கொண்டு நிதானமாக உருண்டு வந்து என் விரலில் முட்டியது. மறுபடி வைத்தேன், மறுபடி வந்தது. கையைத் தூக்கி மேல்நோக்கி இழுத்தேன், அப்போது விலகி ஓடியது. இரண்டும்தான். பிள்ளை சொன்ன இரண்டும். ஏன் என்று யோசிக்க அரை நிமிஷம் கூட ஆகவில்லை, கண்டு தரையைத் தொடுகிற இடம்தான் கீல், நூல் இழுப்பது அந்தக் கீலுக்கு மேலே, அப்படியென்றால் கண்டு நம் பக்கம் சாய்ந்து உருளத்தானே வேண்டும், வருஷா வருஷம் கதவை வைத்து நான் நடத்துகிற பாடம்தான். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பதினாறு வயசுப் பெண்ணின் பேச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கதவைத் தள்ளி, "என்னங்க தேடுறீங்க, தரையில படுத்துக்கிட்டு?" என்றாள். ஊசி விழுந்துவிட்டது என்றேன். அவளும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினாள், காலில் குத்திவிடப் போகிறது என்று. இல்லாத ஊசியை என் மனைவி தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த நேரத்தில் கூட வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். மறுநாள் முதல் பெஞ்சில் யாரோ அவளைத் தையல் மிஷின் என்று கூப்பிட்டார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நான் கேட்காத மாதிரி போர்டைத் துடைத்தேன். அன்று சொன்னால் அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பட்டது, அடுத்த வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வகுப்பில் பாடம் வேறாகிவிட்டது, பழையதை எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றியது. அதற்கடுத்த வாரம், இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு என்மேல் நம்பிக்கை போய்விடும், பரீட்சை நேரத்தில் அது அவர்களுக்கே கெடுதல் என்று ஒரு காரணம் கிடைத்தது, அது ரொம்பப் பிடித்திருந்தது, மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லிப் பார்த்தேன், ஒரு பிள்ளையின் மனசைப் புண்படுத்திவிட்டேன் சாமி என்று, சாமியார் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் சொல்வது சுலபம், அவர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லையே. இதற்கு முன்னால் அந்தப் பிள்ளை என்னவெல்லாம் கேட்கும். லிஃப்ட் கீழே இறங்கும்போது எடை குறையுதுன்னா, குறைஞ்ச எடை எங்க சார் போகும் என்று ஒருநாள் கேட்டது, ராத்திரி வரை அந்தக் கேள்வியை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். புரிந்ததா என்றால் புரிந்தது சார் என்கிறாள். ஒழுங்கான பிள்ளை என்று யாரும் சொல்வார்கள். அந்த ஒழுங்கைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

மணி பத்து முப்பத்தைந்து. ஐந்தாவது கேள்வி. ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறாள். அவளுடைய அம்மாவின் கை விரல் நுனியில் கறுத்துத் தடித்திருக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தேன். படியேறி வந்து செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், கழுத்தில் தொங்குகிற அளவு டேப்பை எடுக்க மறந்தபடி நின்றார்கள். ஈஸ்வரி என்று பெயர், நாகல் நகரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர்கள். "சார், கோகி கணக்குக் குரூப்பு வேணாங்குது. அதே ஸ்கூல்ல தையல் குரூப்பு இருக்காம், அதுக்கு மாத்திக் குடும்மாங்குது. திங்கக்கிழமையோட கடைசியாம். குனிஞ்சு குனிஞ்சு என் முதுகு போச்சு சார், புள்ளையும் அதுலயே வந்து உக்காரணுமா. என்னன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது. நீங்க சொன்னாக் கேக்கும். நிசமாவே அதுக்குக் கணக்கு வராதா சார்?" பிள்ளை வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது. அம்மாவைப் பற்றிச் சொன்னதை அம்மாவிடம் எப்படிச் சொல்லும். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இந்த வகுப்பிலேயே கணக்கு வருகிற பிள்ளை அவள்தான் என்று. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து என்ன வந்தது. "வராதுன்னு இல்லம்மா. ஆனா எதுல விருப்பமோ அதைப் படிச்சாத்தான் நல்லது. கட்டாயப்படுத்தாதீங்க." எவ்வளவு நிதானமான குரல். எவ்வளவு பெரிய மனுஷத்தனம். உள்ளே என்ன ஓடியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் போய்விட்டால் அந்தச் சுவரோர இடம் காலியாகிவிடும், தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மூன்று மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள், நானும் மறந்துவிடலாம். ஒரு பிள்ளையின் படிப்பை நான் என் சௌகரியத்துக்காகத் தள்ளிவிட்டேன். அந்தம்மா சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சீ என்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. இந்த வார்த்தையை எத்தனை தடவை மனசுக்குள் சொன்னாலும் தேய மாட்டேன் என்கிறது.

அதனால்தான் ஏழாவது கேள்வி. நேற்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி. நூல்கண்டு எந்தப் பக்கம் உருளும், காரணம் தருக, ஐந்து மதிப்பெண். அவள் சரியாக எழுதுவாள், நான் ஐந்துக்கு ஐந்து போடுவேன், பேப்பர் கொடுக்கும்போது, பாருங்கள், இவள் ஒருத்திதான் யோசித்திருக்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன், எல்லோரும் கைதட்டுவார்கள், அவள் சிரிப்பாள், திங்கட்கிழமை மனசை மாற்றிக்கொள்வாள், எல்லாம் நேராகிவிடும், நான் தப்பு செய்தேன் என்ற வார்த்தையை மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்காது. மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்பு வாங்கிக்கொள்கிற திட்டம். நேற்று சாயங்காலம் இது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது, டைப் அடிக்கும்போது விசில் கூட அடித்தேன். இப்போது பத்து ஐம்பது. ஏழாவது கேள்விக்கு வந்துவிட்டாள். பேனா நிற்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், பிறகு என் விரல் நகத்தைப் பார்க்கிறேன், மறுபடி நிமிர்வதற்குள் அவள் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். வேகமாக எழுதுகிறாள். அடித்துத் திருத்தவில்லை, யோசிக்கவில்லை. அப்படியென்றால் நன்றாகத் தெரிந்ததைத்தான் எழுதுகிறாள். எழுதும்மா, நீ பார்த்ததை எழுது, என்னைக் காப்பாற்று. ஐம்பது வயசில் ஒரு பிள்ளையின் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொன்று. பேனாவை வைங்க என்கிறேன். எப்போதும் முதல் பெஞ்சிலிருந்துதான் வாங்குவேன், இன்று கால் நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போகிறது. தாளை நீட்டுகிறாள். நின்ற இடத்திலேயே பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ஏழு. நூலை இழுத்தால் நூல் அவிழும். அவிழ வேண்டுமானால் கண்டு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஆகவே நம்மைவிட்டு விலகி ஓடும். என்னுடைய வார்த்தை, ஒன்று கூடாமல் குறையாமல். கீழே அழகாகப் படம், அம்புக்குறி அந்தப் பக்கம். "ஏன் இப்படி எழுதின?" என்கிறேன். "தப்பா சார்?" "உனக்குத்தான் தெரியுமேம்மா." அவள் முகத்தில் கோபம் இல்லை, இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க நடத்துனதைத்தான சார் எழுதணும்" என்கிறாள், விதிமுறையை எடுத்துச் சொல்கிற மாதிரி. மற்றவர்கள் பையை எடுக்கிற சத்தம். உட்காருங்கள் என்கிறேன். உட்கார்கிறார்கள். இப்போது என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்தேன், இல்லை. "ஏழாவது கேள்வி. நான் நடத்துனது தப்பு. கோகிலவாணி அன்னைக்குச் சொன்னதுதான் சரி. அது சரின்னு அன்னைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். நாலு வாரமா நான் சொல்லல. அவங்கம்மாவைப் பத்தி நான் பேசுனது அதைவிடப் பெரிய தப்பு." யாரும் சிரிக்கவில்லை. பிறகு ரூபன் கையைத் தூக்குகிறான். "சார், அப்ப ஏழாவதுக்கு நம்ம பக்கம் வரும்னு மாத்திக்கலாமா?" நான் பதில் சொல்லும் முன்பே இருபத்திரண்டு பேனாக்கள் திறக்கின்றன, விலகி ஓடும் என்பதை அடிக்கிறார்கள், நம் பக்கம் வரும் என்று எழுதுகிறார்கள். ஏன் வரும் என்று ஒரு பிள்ளை கூடக் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக நான் நடத்திய பாடத்தின் லட்சணத்தை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கோகிலவாணி எழுதவில்லை. பையை மூடிவிட்டாள். "நாளைக்கு மாத்த வேணாம்மா, நீ இந்தக் குரூப்பிலயே இரு" என்கிறேன். கெஞ்சுகிற குரல்தான், இருந்துவிட்டுப் போகட்டும். "அம்மா நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாங்க சார்." பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். "முதல்ல மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் சாரே சொல்லிட்டாரேன்னு போட்டாங்க." அந்த வாக்கியத்தில் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி ஒன்றுமே இல்லை, நடந்ததைச் சொல்கிறாள், பார்த்ததைச் சொல்கிறாள். அம்மா கீழே நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். விடைத்தாள்களை வாங்காமல் நானும் பின்னாலேயே இறங்குகிறேன். மேலே பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம், சார் எங்க போறாரு என்று யாரோ கேட்பது. பெயின்ட் கடை ஷட்டர் ஓரத்து நிழலில் ஈஸ்வரியம்மா நிற்கிறார்கள், கையில் துணிப்பை. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் கூப்புகிறார்கள். "உங்களைப் பாத்துட்டுத்தான் போகணும்னு நின்னேன் சார். எனக்கு யாரு இருக்கா எடுத்துச் சொல்ல. நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்ன பெறகுதான் சார் நிம்மதியாத் தூங்குனேன்." இல்லம்மா, நான் சொன்னது தப்பு என்கிறேன். அவர்களுக்கு விளங்கவில்லை, எது சார் என்று மகளைப் பார்க்கிறார்கள், மகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேனே, அதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் இந்த அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.